ஆறாம் நம்பர் பூட்டு

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அவர்களே கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் சட்டம் அது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டவன்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் வேறு யாரும் அந்தப் பூட்டில் கை வைக்கக் கூடாது. உள்ளே இருப்பவனின் உயிர் அந்தப் பூட்டில் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, அதற்கு ஒரே ஒரு சாவி. நம் கதையில் வரும் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஆறு இரும்பு வளையங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண். மாலையில் பூட்டைத் தன் வளையத்தில் பூட்டிவிட்டுப் போவார்கள், காலையில் வந்து திறந்து எடுத்துக்கொள்வார்கள். இப்படியே வருடக்கணக்கில் பழகியதில் அப்பா அம்மா வைத்த பெயரெல்லாம் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. ஃபோர்மேன் மட்டும் ஃபோர்மேன். மற்றவர்கள் இரண்டாம் நம்பர், மூணாம் நம்பர் என்று போவார்கள். நம் கதாநாயகர் ஆறாம் நம்பர். பத்தொன்பது வருடம் அந்த வளையம் அவருடையது.

அன்று காலை பதினோரு மணிக்கு ஆறாம் நம்பர் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் மொட்டை மாடியில், மெஷின் ரூமில் இருந்தார். சுவிட்சில் பூட்டைப் போட்டாகிவிட்டது. கூட்டாளி மூணாம் நம்பர் கீழே டீ வாங்கப் போயிருந்தார். அப்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. "அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டார். பேச்சு வரலை. வாங்க." அவ்வளவுதான். ஒன்பது மாடியும் படியிறங்கி ஓடினார் மனிதர். லிஃப்டைப் பூட்டியது தானே என்பதைக்கூட நினைக்கவில்லை. சாவி சட்டைப் பையில் இருந்தது.

மாமனாருக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. பிழைப்பாரா என்று மூன்று நாள் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்த மூன்று நாளும் ஒன்பது மாடியில் லிஃப்ட் ஓடவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஃபோர்மேன், "இந்த நேரத்துல அவன்கிட்ட சாவியைக் கேக்கறதா?" என்றார். மூணாம் நம்பர், "நான் கேக்க மாட்டேன்ணே, நாக்கு வராது" என்றார். ஆக, இந்தப் புண்ணியவான்களின் கூச்சத்துக்காக ஒரு கட்டிடமே பால் பாக்கெட்டையும் பள்ளிக்கூடப் பையையும் தூக்கிக்கொண்டு படியேறியது. மூன்றாம் நாள் அந்தக் கட்டிடத்துச் செயலாளர் ரம்பத்தோடு மெஷின் ரூமுக்கே வந்துவிட்டார். மூணாம் நம்பர் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பூட்டு இருந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம் சார்."

"ஆள்தான் ஆஸ்பத்திரியில இருக்காரேப்பா?"

"அது எனக்குத் தெரியும். பூட்டுக்குத் தெரியாதே."

நான்காம் நாள் காலை, ஆபத்து தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகு, மூணாம் நம்பர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாயைத் திறந்தால் மூடாத ஆள், அன்று ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ போய்க் குளிச்சுட்டு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வா. நான் இருக்கேன்" என்றார். ஆறாம் நம்பர் எழுந்து வாசல் வரை போன பிறகு, தலையைச் சொறிந்துகொண்டே, "அப்படியே... அந்தப் பூட்டு" என்று இழுத்தார்.

ஆறாம் நம்பருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டமாக ஓடிப் பூட்டை எடுத்தார். மாடிப்படியில் எதிரே வந்த ஒரு பெண்மணி மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க மாமனார் எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்டார். லிஃப்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதுவே அவருக்கு அழுகை வரப் போதுமானதாக இருந்தது.

மாமனார் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எண்பத்தெட்டு கிலோ. கழுத்தில் விசில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மகள் இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, "லிஃப்டுக்கு எண்ணெய் போடுறவனா?" என்று கேட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு, "வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. மரியாதைதான், ஆனால் பக்கத்தில் அண்ட விடாத மரியாதை.

மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர், காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், இடுப்பு வலி வேறு. அப்பாவைத் தூக்க முயன்று இரண்டு முறை இருவருமே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பளத்துக்கு வைத்த ஆளை முதல் நாளே டம்ளரால் அடித்தார் மாமனார். இரண்டாவதாக வந்தவர் டம்ளரை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார், தட்டால் வாங்கிக்கொண்டு போனார். அந்நியன் கை தன்மேல் படுவதை அவர் பொறுக்கவில்லை. வாய் இருந்திருந்தால் சொல்லியிருப்பார், கைதான் இருந்தது.

"நான் வேலையை விட்டுடறேன்" என்றார் மனைவி.

"நீ விட்டா மட்டும் அவரைத் தூக்க முடியுமா?" என்றார் ஆறாம் நம்பர். மறுநாள் ராஜினாமாப் பேப்பரோடு ஆபீசுக்குப் போய் ஃபோர்மேன் முன்னால் நின்றார்.

ஃபோர்மேன் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு நான்காக மடித்தார். "ராஜினாமான்னு எழுதாதே. சம்பளம் இல்லாத லீவுன்னு எழுது. எப்ப வருவேங்கிற இடத்தை அப்படியே விட்டுடு. பூட்டை உன் வளையத்துல போட்டுட்டுப் போ."

"எதுக்குண்ணே? வேற ஆள் வந்தா வளையம் வேணுமே?"

"போட்டவன்தானே எடுக்கணும்?" என்றார் ஃபோர்மேன். அதோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வது வேலை இல்லை என்று நினைக்கிற கூட்டம் ஒன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறது. எனக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "இப்ப என்ன பண்றீங்க?" என்பார்கள். "மாமாவைப் பாத்துக்கறேன்" என்பார் ஆறாம் நம்பர். "அது சரி, வேலைக்கு?" என்பார்கள். காலையில் எண்பத்தெட்டு கிலோவைத் தூக்கி உட்கார வைத்து, பல் தேய்த்துவிட்டு, குளிப்பாட்டி, துடைத்து, துணி மாற்றி, படுக்கையில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் போட்டு, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டிவிட்டு நிமிர்ந்தால் மத்தியானம். அதற்குள் மறுபடியும் துணி மாற்ற வேண்டியிருக்கும். கேட்டவர்களில் ஒருவராவது ஒரு நாள் செய்து பார்க்கட்டும்.

முதல் மாதம் முழுக்க மாமனார் கண்ணை மூடிக்கொண்டுதான் குளித்தார். மருமகன் கையால் குளிப்பது அவருக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது. ஆறாம் நம்பரும் சுவரைப் பார்த்துக்கொண்டே சோப்புப் போடுவார். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு சின்ன பாத்ரூமில் ஒருவரையொருவர் பார்க்காமல் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு நாள் சோப்பு நழுவி, அதைப் பிடிக்கப் போன ஆறாம் நம்பர் வாளியோடு கவிழ்ந்து தலையோடு கால் நனைந்தார். மாமனாரின் வயிறு குலுங்கியது. பாதி வாய் மட்டும் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடவில்லை.

விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டது அந்த வாரம்தான். ஒருமுறை ஊதினால் தண்ணீர். இரண்டு முறை என்றால் பாத்ரூம், ஓடி வர வேண்டும். மூன்று முறை ஊதினால் ஒன்றுமே வேண்டாம். பக்கத்து அறையில் ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அவ்வளவுதான். அடுப்படியிலிருந்தோ பின்கட்டிலிருந்தோ, "இருக்கேன் மாமா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அது நடக்கும். தொலைந்துவிடக் கூடாதே என்று தன் பூட்டுச் சாவியையும் ஆறாம் நம்பர் அந்த விசில் கயிற்றிலேயே கோத்து வைத்திருந்தார்.

ஆபீஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் மெஷின் ரூமில் ஒரு பராமரிப்பு அட்டை தொங்கும். வந்து பார்த்தவர் தேதி போட்டு, என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஞாயிறு வந்த மூணாம் நம்பர் அப்படி ஒரு அட்டையைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டிவிட்டார். அதிலிருந்து வாரம் ஒருவர் வந்தார். வந்தவர் மாமனாரோடு மூன்று மணி நேரம் இருப்பார், ஆறாம் நம்பர் வெளியே போய்விட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது. "முழங்காலுக்கு எண்ணெய் போடப்பட்டது", "இடது கை நன்றாக இயங்குகிறது", "ரேடியோ சத்தம் கூட்டப்பட்டது" என்று அட்டை நிரம்பியது. அடுத்த இரண்டு வாரம் வந்தவர்கள்மேல் டம்ளர் பறந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி மூணாம் நம்பரே வந்தார். அவர் டம்ளரைப் பிடித்து, அதிலேயே தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு, பேச்சை ஆரம்பித்தார். அவர் பேச்சுக்கு முன்னால் பக்கவாதம் வந்தவர் என்ன, நல்ல வாய் இருப்பவரே ஒன்றும் செய்ய முடியாது. மாமனார் அடங்கினார்.

ஏழாவது மாதம் ஆறாம் நம்பரின் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிறு ஐந்து பேரும் சேர்ந்து வந்து கட்டிலுக்கு மேலே உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். லிஃப்ட் மோட்டாரைத் தூக்க அவர்கள் பயன்படுத்தும் செயின் பிளாக்கில் சிறிய வகை ஒன்று, அதில் கித்தான் துணியால் தைத்த தொட்டில் ஒன்று. ஒரு பக்கம் சங்கிலியை இழுத்தால் மறுபக்கம் பாரம் நோகாமல் எழும். மாமனார் அதைப் பார்த்ததும் விசிலை விடாமல் ஊத ஆரம்பித்தார்.

"சுமை சோதனை பண்ணாம யாரையும் ஏத்த மாட்டோம் ஐயா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு மூணாம் நம்பர் தானே தொட்டிலில் ஏறிப் படுத்தார். அவர் நூற்றிரண்டு கிலோ. ஆறாம் நம்பரின் மனைவி, இடுப்பு வலிக்காரி, ஒரு கையால் சங்கிலியை இழுத்தார். நூற்றிரண்டு கிலோவும் காலை ஆட்டிக்கொண்டு மேலே போனது. மாமனார் விசிலை வாயிலிருந்து விட்டார். பிறகு இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டு, தொட்டிலைக் காட்டினார். அடுத்தது நான் என்று அர்த்தம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவிதான் பேச்சை எடுத்தார். "இப்ப நானே தூக்கிடுவேங்க. நான் மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கறேன். காலையில நீங்க போங்க."

ஆறாம் நம்பர் தட்டிலிருந்து நிமிரவில்லை. ஏழு மாதமாக அவர் யாரிடமும் சொல்லாத ஆசை அது. தெருவில் நடக்கும்போது எங்காவது லிஃப்ட் சத்தம் கேட்டால் நின்று, பிரேக் தேய்ந்திருக்கிறது, கயிறு உலர்ந்திருக்கிறது என்று காதாலேயே பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

ஆனால் அதற்குள் ஆபீசில் புது மேனேஜர் வந்திருந்தார். சின்ன வயதுப் பெண், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஃபோர்மேன் போய், காலையில் மட்டும் ஐந்து மணி நேரம் என்று கேட்டதற்கு, "ஹெட் ஆபீஸ் படிவத்துல அரை ஆள்னு ஒரு கட்டமே இல்ல. முழு நாள் வரட்டும், இல்லன்னா ஒண்ணாம் தேதி புது ஆள் வரார், ஆறாம் நம்பர் அவருக்குப் போகும்" என்றார். வளையத்தில் தொங்கும் பூட்டைக் காட்டி, "அதை வெட்டிடுங்க" என்றார். ஐந்து பேரும் சொல்லி வைத்தாற்போல் கூரையைப் பார்த்தார்கள்.

செய்தி ஆறாம் நம்பருக்குப் போனது. தன்னால் அவர்களுக்குத் தலைவலி வேண்டாம் என்று நினைத்தார். ஒன்றாம் தேதி காலை, மனைவியை ஒரு நாள் லீவு போடச் சொல்லிவிட்டு, மாமனார் முன்னால் உட்கார்ந்தார். "பூட்டை எடுத்துக் குடுத்துட்டு வந்துடறேன் மாமா. போட்டவன்தான் எடுக்கணும்" என்று சொல்லி விசில் கயிற்றில் கை வைத்தார்.

மாமனார் சாவியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விளையாட்டு வாத்தியாரின் கை, இன்னும் பலம் இருந்தது. விடமாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஆறாம் நம்பர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டு விரலில் ஆரம்பித்து, வலிக்காமல், நகம் வெட்டிவிடும்போது பிடிப்பது போலப் பிடித்து. இருவர் கண்ணிலும் தண்ணீர். இத்தனை வருடத்தில் மாமனார் தனக்காக அழுது அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆபீஸ் மாடிப்படி ஏறும்போதே அவருக்கு என்னமோ வித்தியாசமாகப் பட்டது. எட்டு மணிக்கு அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அன்று ஐந்து பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை வளையங்கள் காலி. ஆறாவது வளையத்தில் அவருடைய பூட்டு, அதே வளையத்தைக் கவ்விக்கொண்டு ஒரு நண்டு. நண்டு என்பது ஆறு துளையுள்ள இரும்புக் கவ்வி. ஒரே குழியில் பல பேர் இறங்கும்போது சுவிட்சில் அதை மாட்டி, ஆளுக்கு ஒரு துளையில் பூட்டைப் போடுவார்கள். கடைசி ஆளும் வெளியே வந்து தன் பூட்டை எடுத்தால்தான் கவ்வி திறக்கும். அந்த நண்டின் ஐந்து துளைகளில் ஐந்து சிவப்புப் பூட்டுகள் தொங்கின.

"ஒன்பது பில்டிங்ல இன்னிக்கு வேலை இருக்கு" என்றார் மேனேஜர்.

"இருக்கு மேடம். அதான் வந்துட்டோம்" என்றார் ஃபோர்மேன். "பூட்டு இல்லாம குழியில இறங்கக் கூடாதுன்னு போன வாரம்தானே நீங்க சர்க்குலர் அனுப்பினீங்க?"

"அப்ப எடுங்க."

"சாவியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார் மூணாம் நம்பர். "நானும்" என்றார் இரண்டாம் நம்பர். மற்ற இருவரும் பேசக்கூட மெனக்கெடவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"யாராவது லிஃப்டுல மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா சாவி உடனே கிடைச்சுரும் மேடம்" என்றார் ஃபோர்மேன்.

"எனக்காக வேணாம்ணே" என்று சொல்லிக்கொண்டே ஆறாம் நம்பர் போய்த் தன் பூட்டைத் திறந்து எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே நின்றார். அவர் பூட்டு போய்விட்டது, வளையம் காலியாகவில்லை. அவர் இடத்தை அவராலேயே விட்டுக்கொடுக்க முடியாதபடி ஐந்து பேர் பூட்டிவைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாகக் குழிக்குள் அவர் உயிரைக் காத்த அதே பூட்டுகள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபோர்மேன் எழுந்து, போன ஞாயிறு கட்டில் தலைமாட்டிலிருந்து அவிழ்த்து வந்த பழுப்பேறிய அட்டையை மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் புரட்டினார். "இது எந்த பில்டிங்? ஒரு வாரம்கூட விட்டுப்போகலையே. முழங்காலுக்கு எண்ணெயா?"

"இவனோட மாமனார் மேடம்."

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை முதல் வரியிலிருந்து படித்தார். ரேடியோ சத்தம் கூட்டப்பட்டது வரைக்கும் படித்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "எங்கம்மாவை என் தங்கச்சிதான் பாத்துக்கிட்டா. வேலையை விட்டுட்டு வந்து பாத்தா. நான் விடலை" என்றார். "அம்மா போனதுக்கப்புறம் அவளை யாரும் வேலைக்குச் சேத்துக்கலை. நடுவுல நாலு வருஷம் என்ன பண்ணேன்னு கேட்டாங்களாம்."

மேனேஜர் படிவத்தை இழுத்து, கட்டம் இல்லாத இடத்தில் ஓரமாக, 'காலை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "புது ஆளுக்கு ஏழாம் நம்பர் போட்டுக்கலாம். ஹெட் ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்" என்றார்.

கையில் பூட்டோடு நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து மூணாம் நம்பர், "வச்சுக்கிட்டே நிக்கிறியே. ஆறாவது துளை காலியாத்தானே இருக்கு, போடுடா" என்றார். அவர் போட்டார். க்ளிக் என்றது. உடனே ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தத்தம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்கள். மேனேஜர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வாரம் திங்கட்கிழமை காலை ஆறாம் நம்பர் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சாவி மறுபடியும் விசில் கயிற்றில்தான் இருந்தது, அவரே திரும்பக் கோத்திருந்தார். அதை எடுக்கக் கை நீட்டினார். மாமனார் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

பிறகு தன் இடது கையால் கயிற்றைப் பிடித்து, அது காதில் மாட்டிக்கொள்ள, மறுபடி விடுவித்து, தலைக்கு மேலே தானே கழற்ற ஆரம்பித்தார். வெகு நேரம் ஆனது. ஆறாம் நம்பர் உதவப் போகவில்லை. எட்டு மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது அதைத்தான், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது. கயிறு வெளியே வந்ததும் மாமனார் சாவியைப் பிடித்து அவரிடம் நீட்டினார். ஆறாம் நம்பர் சாவியை மட்டும் உருவிக்கொண்டு விசிலைத் திரும்ப மாட்டிவிட்டார்.

"போயிட்டு வரேன் மாமா. மத்தியானம் வந்துடுவேன்."

மனைவி வாசல் வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஆறாம் நம்பர் பாதிப் படி இறங்கியிருப்பார், உள்ளேயிருந்து விசில் கேட்டது. ஒன்று. இரண்டு. அவர் நின்றார். மூன்று.

படியிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "இருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.